அடுத்த சனிக்கிழமை எதிரணியை எடை போடுவது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகருக்கு ஒரு முழு வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று ஓஹையோ ஸ்டேட் தன் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. பந்தயச் சந்தை ஓஹையோ ஸ்டேட்டை ஏறக்குறைய 20 புள்ளி மேலே வைத்திருந்த ஆட்டம் அது. மிஷிகன் அதற்குள் ஐந்து ஆட்டங்களைக் கோட்டைவிட்டிருந்தது. பந்தை வீசி முன்னேறுவதில் நாட்டிலேயே கடைசி வரிசையில் நின்ற அணிகளில் அதுவும் ஒன்று. ஆனால் தோற்ற ஓஹையோ ஸ்டேட்தான் அடுத்த ஜனவரி 20-க்குள் டென்னஸி, ஓரிகன், டெக்ஸஸ், நோட்ர டேம் என்று நான்கு அணிகளை வரிசையாக வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது.

'ஓஹையோ ஸ்டேட் நல்ல அணியா?' என்று கேட்டால் இந்த இரண்டு முடிவுகளுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடைக்காது. தரவரிசை எண்ணைப் பார்த்து எதிரணியை எடை போடுவதில் உள்ள சிக்கலே இதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த அணியில் எந்த இடம் பலவீனம், அந்த இடத்தில் கை வைக்க நம் அணியில் ஆள் இருக்கிறாரா? கீழே சொல்லும் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

டவுன், யார்டு, குவார்ட்டர்பேக் போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓஹையோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸுக்கோ மிஷிகன் இருக்கும் ஆன் ஆர்பருக்கோ மேற்படிப்புக்குப் போய், இரண்டாவது சீசனிலேயே இந்த ஆட்டத்தில் சிக்கிக்கொண்ட நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இது போதும். செவ்வாய்க்கிழமை தொடங்கினால் வெள்ளிக்குள் நிதானமாக முடித்துவிடலாம்.

முதல் படி: எந்த ஆட்டங்களைப் பார்ப்பது?

வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 ஆட்டங்கள். எல்லாவற்றையும் சமமாக எடுத்துக்கொண்டால் படம் கலங்கிவிடும். ஓஹையோ ஸ்டேட் 2024-ஐ ஆக்ரன், வெஸ்டர்ன் மிஷிகன், மார்ஷல் என்ற மூன்று சிறிய அணிகளோடு தொடங்கியது. அந்த மூன்று ஆட்டங்களில் குவிந்த யார்டுகள் நவம்பரில் நமக்கு ஒன்றும் சொல்லாது. செப்டம்பர் மாத விருந்தாளி அணிகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

மீதி ஆட்டங்களில் நம் அணியைப் போலவே ஆடும் அணிகளோடு நடந்த மூன்று, நான்கை மட்டும் எடுங்கள். நாம் பந்தை ஓடியே முன்னேறும் அணி என்றால், எதிரணி அப்படிப்பட்ட அணிகளிடம் என்ன பாடு பட்டது என்று பார்க்க வேண்டும். வீசியே பழகிய அணியை அவர்கள் நசுக்கியது நமக்கு அவ்வளவு பயன்படாது. முடிந்தவரை கடைசி ஐந்து வாரத்து ஆட்டங்களாக இருக்கட்டும்.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2024 செப்டம்பர் 7 அன்று நோட்ர டேம், நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று சொந்த ஊரில் தோற்றது. அன்று இரவு எழுதப்பட்ட இரங்கல் செய்திகளை எல்லாம் நம்பியிருந்தால், அதே அணி அதன்பின் தொடர்ச்சியாக 13 ஆட்டங்கள் வென்று இறுதிப் போட்டிக்குப் போனதை யாராலும் விளக்க முடிந்திருக்காது.

இரண்டாம் படி: யார் ஆடுகிறார், யார் ஆடவில்லை

போன வருட அணியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருட அணியை எடை போடும் பழக்கம் இப்போது உதவாது. 2021-லிருந்து வீரர்கள் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்று ஆனது. 2024-ல் அந்த 'ஒருமுறை' என்ற வரம்பும் போயிற்று. சாம்பியன் ஆன ஓஹையோ ஸ்டேட்டையே பாருங்கள்: குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் கான்ஸஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் மிஸிஸிப்பியிலிருந்து வந்தவர், பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி கேலப் டவுன்ஸும் சென்டர் செத் மெக்லாக்லினும் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். எனவே முதலில் எதிரணியின் இந்த வருட வீரர் பட்டியலை எடுத்து, முக்கியமான ஒவ்வொரு இடத்திலும் யார், எங்கிருந்து வந்தார், எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காயம். இங்கே பெரும்பாலான ரசிகர்கள் குவார்ட்டர்பேக்கையும் வீச்சைப் பிடிக்கும் ரிசீவர்களையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆஃபென்ஸிவ் லைன், அதாவது முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர் விழுந்தால் ஒரு இடம் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் இடம் மாறுவார், அவர் விட்ட இடத்துக்குப் புதியவர் வருவார்.

ஓஹையோ ஸ்டேட்டில் நடந்தது அதுவேதான். அக்டோபர் 12 அன்று ஓரிகனோடு ஆடியபோது வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போயிற்று. அடுத்து நெப்ராஸ்காவோடு ஆடியபோது ஓட்டத்தில் கிடைத்தது வெறும் 64 யார்டு. அதன்பின் பக்கத்துக் கார்டு இடத்தில் ஆடிய டானவன் ஜாக்சனை டேக்கிளாக நகர்த்தினார்கள். நவம்பரில் நடுவில் நிற்கும் சென்டர் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஆக, மிஷிகன் வந்து இறங்கியபோது வரிசையின் நடுப்பகுதி சீசன் தொடங்கியபோது இருந்த நடுப்பகுதி அல்ல. செய்தித்தாளில் இவை எல்லாம் வந்தவைதான். ஆனால் தலைப்பில் வந்தது ரிசீவர்களின் பெயர்கள்.

காயத் தகவலுக்கு வதந்திகளை நம்ப வேண்டியதில்லை. பிக் டென் மாநாட்டு (மாநாடு என்பது கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) அணிகள் 2023-லிருந்து ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு யார் ஆடவில்லை என்ற பட்டியலை வெளியிடுகின்றன. இன்னொரு மாநாடான எஸ்.இ.சி. அணிகள் 2024-லிருந்து மாநாட்டு ஆட்டங்களுக்கு வாரத்தின் நடுவிலேயே தொடங்கி நாளுக்கு நாள் வெளியிடுகின்றன.

மூன்றாம் படி: எண்கள், அதிலும் பொய் சொல்லும் எண்கள்

'ஆட்டத்துக்கு இத்தனை யார்டு' என்ற கணக்கை மறந்துவிடுங்கள். வேகமாக ஆடும் அணிக்கு வாய்ப்புகள் அதிகம், யார்டும் அதிகம். நிதானமாக ஆடும் அணிக்கு இரண்டும் குறைவு. ஒரு ஆட்டநகர்வுக்கு (ஒருமுறை பந்து கிளம்பி நிற்பது வரை) எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள். எதிரணி டிஃபென்ஸுக்கும் அதே கணக்குதான்.

இதைவிட நல்லது வெற்றி விகிதம். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 விழுக்காடு, மூன்றாவது நான்காவதில் முழுத் தூரம் கிடைத்தால் அந்த நகர்வு வெற்றி, இல்லையென்றால் தோல்வி. புள்ளிவிவர எழுத்தாளர் பில் கான்னலி பரவலாக்கிய இந்தக் கணக்கைக் கையாலேயே போடலாம். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 60, 70 நகர்வுகள்தான் இருக்கும். 40 விழுக்காட்டைச் சுற்றி இருந்தால் சாதாரணம். 50-ஐத் தொட்டால் அந்த அணியைச் சுலபமாக நிறுத்த முடியாது. எப்போதாவது ஒரு 60 யார்டு ஓட்டம் அடித்து சராசரியை ஏற்றிக்கொள்ளும் அணியையும், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு யார்டு சேர்க்கும் அணியையும் இந்த எண் பிரித்துக் காட்டிவிடும்.

இப்போது பொறிகள். கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்கு முன் மடக்கி விழுத்தப்பட்டால் (இதற்குப் பெயர் சாக்), அந்த இழப்பு ஓட்டக் கணக்கில் சேரும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-லில் அது வீச்சுக் கணக்கில் கழியும். இந்த ஒரு வித்தியாசத்தால் ஏமாறுபவர்கள் ஏராளம். 2025 புத்தாண்டு அன்று ரோஸ் பவுலில் ஓரிகனின் ஓட்டக் கணக்கு மைனஸ் 23 யார்டு என்று பதிவானது. அன்று ஓஹையோ ஸ்டேட் எட்டு முறை அவர்களுடைய குவார்ட்டர்பேக்கை விழுத்தியது, அந்த இழப்பு முழுவதும் இதில்தான் விழுந்தது. நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு அணி 30 ஓட்டத்தில் 120 யார்டு என்று இருக்கிறது, அதில் ஐந்து சாக், 35 யார்டு இழப்பு. சாக்கை நீக்கினால் 25 ஓட்டத்தில் 155 யார்டு. ஓட்டத்துக்கு 4 யார்டு என்று தெரிந்த அணி உண்மையில் 6.2 யார்டு ஓடும் அணி. 'இவர்களால் ஓட முடியாது' என்று எழுதிவிட்டு சனிக்கிழமை முழிப்பது இப்படித்தான்.

இரண்டாவது பொறி டர்ன்ஓவர், அதாவது பந்து எதிராளி கைக்குப் போவது. கீழே விழுந்து உருளும் பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவது மாதிரி. எதிரணி தரையில் விழுந்த 11 பந்துகளில் ஒன்பதை எடுத்திருந்தால் அது திறமை அல்ல, அதிர்ஷ்டம். அது அடுத்த வாரமும் வரும் என்று எண்ணாதீர்கள். இன்டர்செப்ஷன் (எதிராளி வீசிய பந்தைப் பிடித்துக்கொள்வது) எண்ணிக்கையையும் அவர்கள் கை வைத்துத் தட்டிவிட்ட பந்துகளோடு சேர்த்துப் பாருங்கள். கை பட்ட பந்துகளில் ஐந்தில் ஒன்றுதான் பொதுவாகப் பிடிபடும்.

மூன்றாவது, ரெட் ஸோன் விழுக்காடு, அதாவது எதிரணியின் கடைசி 20 யார்டுக்குள் போனபின் எத்தனை முறை புள்ளி எடுத்தார்கள் என்பது. அதிகாரப்பூர்வக் கணக்கில் மூன்று புள்ளி ஃபீல்ட் கோலும் ஏழு புள்ளி டச்டவுனும் ஒரே 'வெற்றி'. கணக்கே இல்லாமல் இருப்பது மேல். எதிரணியின் 40 யார்டு கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, ஆட்டம் முடிவான பின் இரண்டாம் நிலை வீரர்கள் இறங்கி ஆடிய பகுதிகளைக் கழித்துவிடுங்கள். நான்காவது கால்பகுதியில் மூன்று டச்டவுனுக்கு மேல் இடைவெளி என்றால் அதற்குப் பின் நடந்த எதுவும் சாட்சி அல்ல.

நான்காம் படி: வீடியோ

பயிற்சியாளர்களுக்கு 22 வீரர்களும் தெரியும் படம் கிடைக்கும். நமக்குத் தொலைக்காட்சிப் படம்தான். பரவாயில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அதே சீசனில் எதிர்கொள்ளப் போகும் அணியின் ஆட்டத்தைப் பயிற்சிக் குழுவினர் நேரில் போய் வேவு பார்ப்பதை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 1994-லேயே தடை செய்துவிட்டது. 2023-ல் மிஷிகனைப் பிடித்து ஆட்டிய சைகைத் திருட்டு விவகாரம் இந்த விதியை ஒட்டித்தான் வெடித்தது. ஆனால் ரசிகரான நீங்கள் டிக்கெட் எடுத்து, பாப்கார்னோடு தாராளமாகப் போய்ப் பார்க்கலாம்.

சிறந்த நகர்வுகளைத் தொகுத்த ஐந்து நிமிட வீடியோ வேண்டாம். அதில் எல்லா அணியும் சாம்பியன் மாதிரிதான் தெரியும். முழு ஆட்டம் இல்லையென்றால் இடைவெளிகளை வெட்டிச் சுருக்கிய வீடியோவை எடுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த டவுன், எத்தனை யார்டு தேவை, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், எத்தனை ரன்னிங் பேக், எத்தனை டைட் எண்ட், ஓட்டமா வீச்சா, என்ன கிடைத்தது.

பந்து எந்தப் பக்கம் என்பதை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் உள்கோடுகள் இரண்டுக்கும் இடையே 40 அடி இருப்பதால், பந்து ஒரு கோட்டில் இருக்கும்போது ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. என்.எஃப்.எல்.-லில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. அகலமான பக்கத்தில் யாரை நிறுத்துகிறார்கள், குறுகலான பக்கத்தில் தனியாக விடப்படும் கார்னர் (ரிசீவரைக் காக்கும் தடுப்பாளர்) யார் என்பதிலேயே ஒரு டிஃபென்ஸின் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். தனியாக விடப்படுபவர்தான் பெரும்பாலும் அவர்கள் மிகவும் நம்பும் ஆள். அவரை விட்டுவிட்டு மற்றவரைத் தேடுங்கள்.

பார்க்கும்போது கண் பந்தின் பின்னால் ஓடும். அதை அடக்க வேண்டும். முதல் சுற்றில் ஆஃபென்ஸிவ் லைனை மட்டும் பாருங்கள். யார் பின்னுக்குத் தள்ளப்படுகிறார், இடது ஓரத்திலா நடுவிலா? இரண்டாவது சுற்றில் பந்து நகருமுன் சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள்? ஒருவர் மட்டும் பின்னால் நின்றால் ஓட்டத்தைத் தடுக்கக் கூடுதலாக ஒரு ஆள் முன்னால் இருக்கிறார் என்று பொருள். இருவர் நின்றால் நீளமான வீச்சுக்குப் பயப்படுகிறார்கள். மூன்றாவது சுற்றில் குவார்ட்டர்பேக்: ப்ளிட்ஸ் (கூடுதல் தடுப்பாளர்கள் அவர்மேல் பாய்வது) வரும்போது பந்தைச் சட்டென்று விடுகிறாரா, அல்லது பின்வாங்கிக்கொண்டே போய் மாட்டிக்கொள்கிறாரா?

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: முதல் இரண்டு முறை பந்து கிடைத்தபோது ஆடியதையும் மூன்றாவது டவுன் எல்லாவற்றையும் மட்டும் பாருங்கள். தொடக்க நகர்வுகளைப் பயிற்சியாளர்கள் வாரம் முழுக்க யோசித்து முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதில் அவர்களுடைய ஆசை தெரியும். மூன்றாவது டவுனில் அவசரம் வரும்போது யாரை நம்புகிறார்கள் என்பது தெரியும்.

ஓட்டமா வீச்சா என்று கடைசி நொடியில் குவார்ட்டர்பேக் முடிவு செய்யும் நகர்வுகளை இங்கே நிறையப் பார்ப்பீர்கள். கல்லூரி விதிப்படி லைன்மேன் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.-லில் ஒரே யார்டு. அதனால்தான் இந்த விளையாட்டு கல்லூரியில் இவ்வளவு செழிக்கிறது. இதில் ஏமாறுபவர் யார் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் டிஃபென்ஸின் நடுவரிசையில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட லைன்பேக்கராகத்தான் இருப்பார்.

ராணுவக் கல்லூரிகளான ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் எதிரணி என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஆப்ஷன் ஓட்டத்தை (பந்தைத் தானே கொண்டு ஓடுவதா, இன்னொருவருக்குத் தருவதா என்று குவார்ட்டர்பேக் ஓடும்போதே முடிவு செய்வது) நம்பும் அந்த அணிகளைத் தடுக்க ஒரு வாரப் பயிற்சி போதாது என்பதே அவர்களுடைய மிகப் பெரிய பலம்.

ஐந்தாம் படி: இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைப்பது

எதிரணியின் பலவீனங்களைத் தனியாகப் பட்டியலிட்டால் அது வெறும் வம்புப் பேச்சு. பக்கத்தில் நம் அணியின் பலம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் வரும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு மிஷிகன் ரசிகராக உட்காருங்கள். ஓஹையோ ஸ்டேட்டின் பலம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்பூகா, கார்னெல் டேட் என்ற ரிசீவர்கள். நம் நட்சத்திரக் கார்னர் வில் ஜான்சன் காயத்தில் கிடக்கிறார். இந்த வரிசையில் நாம் தோற்போம். ஆனால் அவர்களுடைய பலவீனம், காயத்தால் கலைந்துபோன லைனின் நடுப்பகுதி. நம் ஒரே பெரிய பலம் நடுவில் நிற்கும் மேஸன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும். அடுத்த ஏப்ரலில் இருவருமே என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றிலேயே போனார்கள். அதாவது நம்முடைய மிக வலுவான இடம் அவர்களுடைய மிக மெல்லிய இடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது.

இங்கே மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு, பலரும் கேட்க மறப்பது: அவர்கள் அந்த இடத்துக்கு வருவார்களா? எதிரணிப் பயிற்சியாளர் பிடிவாதக்காரரா? ஓஹையோ ஸ்டேட் அன்று திரும்பத் திரும்ப நடுவில் முட்டியது. 26 ஓட்டத்தில் 77 யார்டு. மிஷிகன் பந்து வீசிப் பெற்றது மொத்தமே 62 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் வேறு. அப்படியும் வென்றது. ஓஹையோ ஸ்டேட் இரண்டு ஃபீல்ட் கோல்களைத் தவறவிட்டதும் இதில் சேரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. சரியான கணிப்புக்கும் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.

அதன்பின் வந்த ஆட்டங்களில் பந்து சீக்கிரமே ரிசீவர்கள் பக்கம் போனது. அக்டோபரில் ஓஹையோ ஸ்டேட்டை 32-31 என்று வென்ற ஓரிகன், அன்று ஒரு சாக் கூட விடவில்லை. ரோஸ் பவுலில் அதே இரு அணிகள் மோதியபோது எட்டு சாக், 34-0 என்ற முன்னிலை, கடைசியில் 41-21. ஸ்மித் மட்டும் 187 யார்டு. முன்பு ஒருமுறை மோதிய அணியை எடை போடும்போது, அந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். தோற்றவர்தான் அதை அதிகம் பார்த்திருப்பார்.

பலத்தை அடைக்கும்போது எங்கே திறக்கும் என்றும் எழுதுங்கள். அரையிறுதியில் டெக்ஸஸ் ஸ்மித்தை ஒரே பிடி, மூன்று யார்டு என்று முடக்கிக் காட்டியது. ஆனால் ட்ரவியான் ஹென்டர்ஸன் ஒரு குட்டிப் பந்தை வாங்கி 75 யார்டு ஓடினார். ஓஹையோ ஸ்டேட் 28-14 என்று வென்றது. பாய்ஸி ஸ்டேட்டிடம் அப்படி இரண்டாவது கதவு அவ்வளவு பெரிதாக இல்லை. அந்த சீசனில் 2,601 யார்டு ஓடிய ஆஷ்டன் ஜென்டியை பென் ஸ்டேட் 30 ஓட்டத்தில் 104 யார்டுக்குள் அடக்கி, 31-14 என்று ஆட்டத்தை முடித்தது.

ஆறாம் படி: மீதிச் சில்லறைகள்

கிக்கர் 40 யார்டுக்கு மேல் எத்தனை அடித்தார், எத்தனை விட்டார் என்று பாருங்கள். மற்ற ஸ்பெஷல் டீம் (பந்தை உதைக்கும் நகர்வுகளுக்கு இறங்கும் குழு) விஷயங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

சொந்த மைதானம் என்றால் இரண்டரை, மூன்று புள்ளி சேர்த்துக்கொள்வது வழக்கம். எல்லா மைதானத்துக்கும் அது ஒன்றல்ல. வயோமிங்கின் லாரமி 7,220 அடி உயரத்தில் இருக்கிறது, சமவெளியிலிருந்து போகும் லைன்மேன்களுக்கு நான்காவது கால்பகுதியில் மூச்சு வாங்கும். பிக் டென் 2024-ல் கலிஃபோர்னியா வரை நீண்டபின் பயணமும் ஒரு கணக்காகிவிட்டது. முந்தைய வாரம் எதிரணிக்கு ஓய்வா என்பதையும் பாருங்கள்.

'பெரிய வெற்றிக்குப் பின் அசந்துவிடுவார்கள்' என்ற மனோதத்துவத்தை நான் அதிகம் நம்புவதில்லை. ஜார்ஜியாவை வென்ற அடுத்த வாரமே, 2024 அக்டோபர் 5 அன்று, அலபாமா வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றதை எல்லோரும் அசதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: வாண்டர்பில்ட் 60 நிமிடத்தில் 42 நிமிடம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. அலபாமா ஆஃபென்ஸ் பெரும்பாலும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது டவுனில் எதிராளியைக் களத்தை விட்டு வெளியேற்ற முடியாத டிஃபென்ஸ் அடுத்த வாரம் உங்கள் எதிரே வந்தால், இதே வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது.

ஏழாம் படி: எழுதி வைப்பது

வெள்ளி இரவு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எதிரணி நம்மை வெல்லக்கூடிய இரண்டு வழி, நாம் அவர்களை வெல்லக்கூடிய இரண்டு வழி, அவர்கள் கட்டாயம் மறைக்கப் பார்க்கும் ஒரு வீரர், கடைசியில் புள்ளி வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு எண். எண் எழுதாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமே 'நான் அப்பவே சொன்னேன்' என்பார்கள்.

அப்புறம் உங்கள் எண்ணைப் பந்தயச் சந்தையின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பணம் கட்டுவதற்காக அல்ல, சரிபார்க்க. இரண்டுக்கும் ஒரு டச்டவுனுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் நீங்கள் ஒரு காயத்தைத் தவறவிட்டிருப்பீர்கள், அல்லது செப்டம்பர் ஆட்டம் ஒன்று உங்கள் கணக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேடியும் எதுவும் கிடைக்கவில்லையா? உங்கள் எண்ணை மாற்றாதீர்கள்.

ஆட்ட நாளில் இரண்டு மணி நேரம் முன்பு வரும் பட்டியலில், முதலில் லைன்மேன் பெயர்களைத் தேடுங்கள். யாராவது ஒருவர் இல்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். பிறகு எதிரணிக்குப் பந்து கிடைக்கும் முதல் இரண்டு முறையும், நீங்கள் குறித்த அந்த மெல்லிய இடத்தின் மேல் கண் வையுங்கள்.